காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே

நிக்காஹ் நிகழ்ச்சி அரை நாளில் நிறைவுற்று விடுகிறது. அதன் ஒளிப்பதிவோ பேரப்பிள்ளைகள் காலம் வரை வீட்டில் இருக்கிறது. 1980களிலும் 1990களிலும் வளைகுடா நாடுகளில் உழைத்துக் கொண்டிருந்த நம் சகோதரர்கள் பலர், உடன்பிறந்தாளின் திருமணத்தையும், ஏன், பெற்ற மகளின் திருமணத்தையும்கூட வீடியோ கேசட்டில்தான் கண்டார்கள். விடுமுறை கிடைக்காத தந்தைக்கு அந்தக் கேசட்டே மணப்பந்தல். இன்று கேசட் மறைந்து கைப்பேசி வந்துவிட்டது. நிக்காஹை நேரலையில் காணவும் முடிகிறது. ஆனாலும் பின்னாளில் எடுத்துப் பார்ப்பதற்கென்று தொகுத்து வைக்கும் படத்தின் அருமை குறைந்துவிடவில்லை.

உருவங்களைப் படமெடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த ஆய்வு இக்கட்டுரையின் நோக்கமன்று. எடுப்பது என்று தீர்மானித்துவிட்ட குடும்பங்கள், எடுத்தவற்றை எப்படித் தொடுக்க வேண்டும் என்பதே இங்கு நாம் பேச முற்படுவது.

ஏனெனில், படம் எடுப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதனைத் தொடுப்பதில் காட்டுவதில்லை. திருமண வீடியோக்கள் சிலவற்றைப் பாருங்கள். மணமகன் வாகனத்திலிருந்து இறங்குகிறார். உடனே ஒரு ரோஜாப்பூ சுழன்று விரிந்து, அதன் இதழ்களுக்குள்ளிருந்து பள்ளிவாசல் தோன்றுகிறது. பள்ளிவாசல் புத்தகத் தாளைப் போலப் புரள, அதனடியில் பிரியாணி தேக்சாக்கள் அணிவகுக்கின்றன. தேக்சா இதய வடிவமாகச் சுருங்கி மறைய, துஆவுக்கு ஏந்திய கைகள் வருகின்றன! பார்ப்பவர் மனத்தில் எஞ்சுவது ரோஜாவும் இதயமுந்தான், துஆ அன்று.

இணைப்பு என்னும் மொழி

ஒரு காட்சித் துண்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான் படத்தொகுப்பில் 'டிரான்சிஷன்' என்கிறார்கள். நாம் இணைப்பு என்போம். வாக்கியத்தில் நிறுத்தற்குறிகள் செய்யும் வேலையைப் படத்தில் இவை செய்கின்றன. நூற்றுக்கணக்கான வகைகள் மென்பொருள்களில் குவிந்து கிடந்தாலும், பொருளுள்ளவை நான்கே.

முதலாவது 'கட்'. ஒரு காட்சி முடிந்த அடுத்த கணமே மறு காட்சி நேரடியாக வந்துவிடும். காலம் அறுபடவில்லை, நிகழ்ச்சி தொடர்கிறது என்பது இதன் பொருள். இரண்டாவது 'டிஸால்வ்'. ஒன்று கரைந்து மறைய மறையவே மற்றொன்று அதன்மீது துலங்கி வரும். நேரமோ இடமோ மாறிவிட்டது என்று இது மென்மையாக அறிவிக்கிறது. மூன்றாவது 'ஃபேட்'. திரை முழுவதும் இருண்டு, பிறகு புதிதாக ஒளி பெறும். ஓர் அத்தியாயம் முடிந்தது என்று பொருள். நான்காவது 'வைப்'. ஒரு காட்சி மற்றொன்றைத் திரையிலிருந்து துடைத்துத் தள்ளிக்கொண்டு வரும். 'அங்கே அப்படியிருக்க, இங்கே இப்படி' என்று இடம் மாற்றிக் கதை சொல்ல இது உதவும். பூவும் இதயமும் புரளும் தாளும் இந்த நான்காம் வகையின் பேரப்பிள்ளைகளே.

இப்பொருள்களை எந்தப் பள்ளியிலும் பயின்றிராத நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிவார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படங்கள் மக்களைப் பழக்கியிருக்கின்றன. ஆகவே, மணமகன் 'ஒப்புக்கொண்டேன்' என்று சொன்ன அடுத்த நொடியில் ஒரு டிஸால்வ் போட்டால், இடையில் நெடுநேரம் கழிந்துவிட்டது என்றே காண்பவர் மனம் கொள்ளும். கழிந்திராத நேரத்தைக் கழிந்ததாகச் சொல்வது பிழையல்லவா?

கத்தரிக்கோலிலிருந்து கணினி வரை

ஒளி நேர்கோட்டில் செல்வதையும், இருட்டறையின் சிறு துளை வழியே புகுந்து எதிர்ப்புறத்தில் உருவம் அமைப்பதையும் ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாஸிர்' என்னும் ஒளியியல் நூல், பின்னர் இலத்தீன் மொழியில் ஐரோப்பாவைச் சென்றடைந்தது. 'கேமரா' என்ற சொல்லே அறையைக் குறிப்பதுதான்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட படங்களில் இணைப்பு என்பதே இல்லை. ஒவ்வொரு படமும் ஒரே காட்சி. ஏறக்குறைய 50 விநாடிகளில் முடிந்துவிடும். அதே நாட்டின் ஜார்ஜ் மெலியே 1899இல் எடுத்த 'சிண்ட்ரெல்லா' படத்தில் காட்சிகளுக்கிடையே டிஸால்வைப் பயன்படுத்தினார். அக்காலத்தில் அது கேமராவுக்குள்ளேயே நிகழ்த்தப்பட்ட வித்தை. காட்சி முடியும் தறுவாயில் ஒளி புகும் வழியைச் சிறுகச் சிறுக அடைப்பார்கள். பின்னர்ப் படச்சுருளைச் சற்றே பின்னோக்கிச் சுற்றிவிட்டு, வழியை மெல்லத் திறந்துகொண்டே அடுத்த காட்சியை அதே சுருளின் மேல் எடுப்பார்கள். கை சற்றுத் தவறினால் இரண்டு காட்சிகளும் பாழ்!

பின்னர் இந்த வேலை படக்கூடத்திற்கு மாறியது. வீடியோ நாடா வந்தபோது வேறொரு சங்கடம் எழுந்தது. இரண்டு வி.சி.ஆர். வைத்திருப்பவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்து 'கட்' மட்டுமே செய்ய இயலும். டிஸால்வ் வேண்டுமாயின், ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு கருவிகளும், பதிவு செய்ய மூன்றாவதும், நடுவே ஒரு மிக்ஸரும் தேவை. பிரதிக்குப் பிரதி படத்தின் தெளிவும் குன்றும். 1989இல் 'ஏவிட்' கணினிமுறைத் தொகுப்பும், 1991இல் அடோபி நிறுவனத்தின் 'பிரீமியர்' மென்பொருளும் வந்த பின்னரே, மூலப்படத்திற்குச் சேதமின்றி வெட்டவும் ஒட்டவும் மாற்றவும் வழி பிறந்தது. 1990இல் அமெரிக்காவில் வெளியான 'வீடியோ டோஸ்டர்' கருவியில், திரையின் மேலிருந்து ஆடுகள் விழுந்து காட்சியை மாற்றும் இணைப்பொன்றும் இருந்தது! விளையாட்டுப் பொருள் கைக்கு எளிதில் கிடைத்ததும் எல்லாரும் அதையே விளையாடினார்கள். அந்த விளையாட்டு இன்னும் ஓயவில்லை.

ஒரு தீக்குச்சியின் கதை

அரபுப் பாலைவனத்தைக் களமாகக் கொண்டு டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962இல் வெளியாயிற்று. எரியும் தீக்குச்சியை லாரன்ஸ் ஊதி அணைக்கிறார். மறுகணமே செக்கச் சிவந்த பாலைவனத்தின் விடியல் திரையை நிறைக்கிறது. உலகின் புகழ்பெற்ற இணைப்புகளுள் ஒன்றாக இதனைக் கூறுவர். ஆனால் முதலில் அவ்விடத்தில் டிஸால்வ் போடவே திட்டமிட்டிருந்தனர். டிஸால்வ் படக்கூடத்தில் பின்னர்ச் செய்யப்பட வேண்டியதாகையால், வேலைப் பிரதியில் இரு காட்சிகளும் நேரடியாக ஒட்டப்பட்டிருந்தன. அதைப் பார்த்தபோதுதான், இப்படியே விட்டுவிடுவது மேல் என்று இயக்குநருக்கும் தொகுப்பாளர் ஆன் கோட்ஸ் அம்மையாருக்கும் தோன்றியது. அந்த வெட்டைச் செம்மை செய்யத் தாம் குறைத்தது இரண்டே பிரேம்கள் என்று அவ்வம்மையார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படத்தொகுப்புக்காக அவருக்கு ஆஸ்கார் விருதும் கிட்டியது.

திரைப்படம் பார்க்கத் தூண்டுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. தொழில் கற்றோர், சேர்ப்பதை விட நீக்குவதில்தான் தேர்ச்சி காட்டுகிறார்கள் என்பதற்காகவே குறிப்பிட்டோம். தொகுப்பாளர் வால்டர் மர்ச், 1974இல் வெளியான 'தி கான்வர்சேஷன்' படத்தைத் தொகுக்கையில், தாம் வெட்ட நினைத்த இடங்களிலேயே நடிகர் கண் சிமிட்டுவதைக் கவனித்தார். ஓர் எண்ணம் முடியும் இடத்தில் மனிதன் இயல்பாகக் கண் சிமிட்டுகிறான். நல்ல வெட்டும் அத்தகைய சிமிட்டலே என்பது அவர் கண்ட முடிவு. ஒவ்வோர் இணைப்பையும் போடுமுன், 'எண்ணம் ஒன்று இங்கே முடிகிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். முடியவில்லையென்றால் இணைப்பும் வேண்டியதில்லை.

தையலுக்கு விடும் துணி

இனிச் செய்முறைக்கு வருவோம். துணியைச் சரியான அளவுக்கே வெட்டிவிட்டால் தைக்க முடியாது. தையலுக்கென்று இருபுறமும் சிறிது விட வேண்டும். படத்திலும் அப்படியே. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 பிரேம்கள். வெட்டின் நடுவில் ஒரு விநாடி டிஸால்வ் வைத்தால், முதல் காட்சி தன் முடிவுக்கு அப்பால் சுமார் 12 பிரேம்களும், அடுத்த காட்சி தன் தொடக்கத்துக்கு முன்னால் சுமார் 12 பிரேம்களும் தர வேண்டும். இந்த உபரி இல்லையென்றால், போதிய படம் இல்லை என்று பிரீமியர் எச்சரித்துவிட்டு, கடைசி பிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். நடந்து வரும் மாப்பிள்ளை திடீரென்று சிலையாக நின்று கரைவார்!

ஆகவே, படமெடுப்பவரிடம் ஒன்றைத் தவறாமல் சொல்லி வையுங்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஐந்து விநாடி முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்து ஐந்து விநாடி கழித்தே நிறுத்த வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் நம் பிள்ளைகள், 'கபூல்' என்ற சொல் முடிந்ததும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். தைப்பதற்குத் துணியே இருப்பதில்லை.

பிரீமியரில் வெட்டின்மீது நின்று கண்ட்ரோல், டி விசைகளையும், 'டாவின்சி ரிஸால்வ்' மென்பொருளில் கண்ட்ரோல், டி-க்குப் பதிலாகக் கண்ட்ரோல், டீ எழுத்தான 'டி' ஃபார் டிரான்சிஷன் விசையையும் அழுத்தினால் இயல்பான டிஸால்வ் அமைந்துவிடும். கட்டணமின்றிக் கிடைக்கும் 'ஷாட்கட்' மென்பொருளில் ஒரு துண்டை இழுத்து மற்றொன்றின் மேல் சிறிது படியவிட்டாலே இணைப்பு உண்டாகும். படிந்த அளவே அதன் நீளம். சுறுசுறுப்பான நிகழ்ச்சிக்கு அரை விநாடி போதும்; அமைதியான இடத்திற்கு ஒரு விநாடி. இரண்டு விநாடிக்கு மேல் செல்ல மிகச் சிறந்த காரணம் வேண்டும்.

ஓசை முந்தட்டும்

கண்ணுக்குரிய இணைப்பை விடக் காதுக்குரிய இணைப்பே பெரும்பாலும் அழகாக அமைகிறது. அடுத்த காட்சியின் ஓசை, காட்சிக்கு முன்பே கேட்கத் தொடங்கினால் அதனை 'ஜே கட்' என்பர். முந்தைய காட்சியின் ஓசை, படம் மாறிய பின்பும் தொடர்ந்தால் 'எல் கட்'. படமும் ஒலியும் அவ்வெழுத்துகளின் வடிவில் படிந்திருப்பதால் வந்த பெயர்கள் இவை.

ஓர் எடுத்துக்காட்டு. நிக்காஹ் குத்பா ஓதப்படுகிறது. ஆண்கள் பகுதியில் ஒரு கேமரா. பெண்கள் பகுதியில் குடும்பப் பெண்மணி ஒருவர் கையில் மற்றொன்று. ஈஜாப் சொல்லப்படுகிறது. மணமகன் 'கபூல்' சொல்லும் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, படம் மாறி, மணமகளின் தாயார் ஏந்திய கைகள் தெரிகின்றன. குரல் அறுபடவில்லை. எந்தப் பூவும் இதயமும் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த மகளைப் பிரித்துக் கொடுக்கும் அந்தக் கணத்தின் கனம், எந்த அலங்காரமுமின்றிப் பார்ப்பவர் நெஞ்சில் இறங்கிவிடும்.

ஒலியை வெட்டும் இடங்களில் இரண்டு மூன்று பிரேம் அளவுக்குச் சிறு ஒலிக்கரைப்புப் போட்டால் 'டப்' என்ற இரைச்சல் எழாது. மண்டபத்தின் பொதுவான சலசலப்பை ஒரு நிமிடம் தனியே பதிந்து வைத்தால், இடைவெளிகளை நிரப்ப உதவும். கிராஅத்தைக் குறைக்க நேர்ந்தால், ஆயத்தின் நடுவே ஒருபோதும் வெட்டாதீர்கள். ஓதுபவர் நிறுத்திய முறையான வக்ஃபிலேயே முடித்து, அதன் பின்னரே ஓசையை மங்கச் செய்யுங்கள். திருமறை ஓசைமீது மென்பொருள் தரும் 'சர்' என்ற காற்றொலிகளையும், திரைப்பாடல்களையும் படியவிடுவது அடக்கமற்ற செயல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காட்டாமலும் சொல்லலாம்

முஸ்தஃபா அக்காத் 1976இல் ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனியே எடுத்த 'தி மெஸேஜ்' படத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் உருவமும் காட்டப்படவில்லை, குரலும் ஒலிக்கவில்லை. எதிரில் இருப்போர் நேரே கேமராவை நோக்கிப் பேசுவதும், கேட்டதைப் பிறர் எடுத்துரைப்பதுமாகவே காட்சிகள் தொடுக்கப்பட்டன. அப்படம் பற்றிய கருத்துகள் பலவாறாக இருப்பினும், காட்டாமலே கதை சொல்ல இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

நம் இல்லத் திருமணங்களுக்கு இதில் பாடம் உண்டு. மணமகளின் முகத்தையும் பெண் விருந்தினர்களையும் ஊர் முழுதும் பார்க்கும் படத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்பதில்லை. அடுக்கி வைத்த சீர்த் தட்டுகள், வாசலில் குவிந்த காலணிகள், கருகமணி இருக்கும் பேழை, ஓடி விளையாடும் குழந்தைகள், உள்ளிருந்து கேட்கும் பெண்களின் சிரிப்பொலி — இவற்றைக் கொண்டே பெண்கள் பகுதியின் மகிழ்ச்சியை உணர்த்தலாம். குடும்பத்தினருக்கு மட்டும் என்று தனிப் பிரதி ஒன்றும், வெளியார்க்கு வேறொன்றும் தொகுத்துக் கொள்வது இன்று எளிது. தொகுக்கத் தரும்போதே இந்த நிபந்தனையைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். வேலை முடிந்ததும் மூலப்பதிவுகளைத் திரும்பப் பெற்றுக் கொள்வதும் நம் கடமை. பிறர் வீட்டுப் பெண்களின் படம் தொகுப்பாளர் கையில் ஓர் அமானிதம்.

இணைப்பும் ஒரு சாட்சியமே

ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு பெண், விளையாடும் குழந்தை ஆகிய காட்சிகளுடன் தனித்தனியே ஒட்டிக் காட்டினார். பசியையும் துயரையும் அன்பையும் அந்த நடிகர் எவ்வளவு நுட்பமாக வெளிப்படுத்துகிறார் என்று பார்த்தவர்கள் வியந்ததாக, அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதி வைத்தார். முகமோ ஒன்றேதான்! பொருள் முகத்தில் இல்லை. அடுத்தடுத்து ஒட்டியதில் இருந்தது.

இந்த ஆற்றல்தான் அஞ்சத்தக்கது. மவ்லவி ஒருவர் தம் பயானில், 'சிலர் இவ்வாறு சொல்கிறார்கள்' என்று தொடங்கித் தவறான கருத்தொன்றை எடுத்துரைத்து, பின்னர் அதனை மறுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முதல் வாக்கியத்தையும் மறுப்பையும் வெட்டிவிட்டால், தவறான கருத்து அவருடையதாகவே ஆகிவிடும். முன்னாளில் இத்தகைய வெட்டு, தலை சட்டெனத் துள்ளுவதைக் கொண்டே காட்டிக் கொடுத்துவிடும். 2015ஆம் ஆண்டு முதல் பிரீமியரில் இடம்பெற்ற 'மார்ஃப் கட்' போன்ற வசதிகள், இரு முகங்களையும் கணக்கிட்டு ஒன்றாகக் கலந்து, வெட்டிய தடமே தெரியாமல் செய்துவிடுகின்றன. தும்மலையும் தடுமாற்றத்தையும் நீக்க வந்த வசதி, சொல்லாததைச் சொன்னதாகக் காட்டவும் உதவும்.

நம் ஹதீஸ் கலை வல்லுநர்கள் இத்தகைய இணைப்புகளை ஆயிரமாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர்கள். ஓர் அறிவிப்பின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு உண்மையாகவே சேர்ந்திருக்கிறதா என்று நோக்கினார்கள். அறிவிப்பவரும் அவருக்குச் சொன்னவரும் சந்தித்ததுண்டா என்று இமாம் புகாரி (ரஹ்) சான்று தேடினார்கள். கண்ணி அறுந்திருந்தால் 'முன்கதிஃ' என்று வெளிப்படையாகப் பெயரிட்டார்கள். அறுந்த இடத்தை மறைத்து, தொடர்ந்திருப்பது போலத் தோற்றங் காட்டுவதற்கு 'தத்லீஸ்' என்று பெயர்; அதனைக் குறையாக எண்ணிக் கண்டித்தார்கள். தடயமின்றி ஒட்டிய பயான் துண்டு, வீடியோ உலகின் தத்லீஸ் அன்றி வேறென்ன?

ஆகவே ஒரு நெறி வகுத்துக் கொள்வோம். ஒருவருடைய பேச்சைச் சுருக்கினால், சுருக்கிய இடம் பார்ப்பவருக்குத் தெரியட்டும். அங்கே திரை ஒரு கணம் இருளட்டும், அல்லது டிஸால்வ் வரட்டும். அழகுக்காக அன்று, நேர்மைக்காக. ஈஜாப்–கபூல், வஸிய்யத், உடன்படிக்கை போன்ற சாட்சியத் தன்மை வாய்ந்தவற்றின் முழுப்பதிவையும் வெட்டாமல் தனியே பாதுகாத்து வையுங்கள். நமக்கு வந்து சேரும் துண்டுக் காட்சிகளை, முழு உரையையும் தேடிக் கேளாமல் பிறருக்கு அனுப்பாதிருப்போம். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49ஆம் அத்தியாயம் பணிப்பது, காகிதச் செய்திக்கு மட்டுமன்று.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

படத்தொகுப்பு ஆண்களின் தொழில் என்று எண்ணிவிட வேண்டாம். மௌனப்பட நாள்களில் அமெரிக்காவில் படச்சுருளை வெட்டி ஒட்டியவர்களுள் பெண்கள் பலர். 1915இல் ஒட்டுநராக வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பூத் அம்மையார், பிற்காலத்தில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் தலைமைத் தொகுப்பாளராக உயர்ந்து 1968 வரை பணியாற்றினார். தையல் கற்ற கைக்கு இத்தொழிலின் பொறுமையும் கண்ணளவும் இயல்பாகவே வரும். நம் பெண்கள் நடத்தும் நிகழ்ச்சிகளை நம் பெண்களே எடுத்து, வீட்டிலிருந்தபடியே தொகுத்துத் தர முன்வந்தால், கண்ணியமும் காக்கப்படும். கையில் நான்கு காசும் சேரும். ரிஸால்வின் இலவசப் பதிப்பும் ஷாட்கட்டும் பழகுவதற்குப் போதுமானவை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்வோம். வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை முதலில் வெறும் 'கட்' மட்டும் கொண்டு தொகுத்துப் பாருங்கள். பிறகு, காலம் மாறுமிடம் எது, அத்தியாயம் முடியுமிடம் எது என்று தேடி, அங்கு மட்டும் டிஸால்வோ ஃபேடோ சேருங்கள். ஒரு மணி நேரப் படத்தில் இத்தகைய இடங்கள் பத்தைத் தாண்டுவது அரிது. முடித்த பின், தொகுப்பைப் பற்றி ஏதுமறியாத ஒரு பெரியவரிடம் போட்டுக் காட்டுங்கள். 'கல்யாணம் நல்லா இருந்துச்சு' என்று அவர் சொன்னால் நீங்கள் வென்றீர்கள். 'வீடியோ நல்லா இருந்துச்சு' என்றால், இன்னும் சில பூக்களை நீக்க வேண்டியிருக்கிறது!

உள்ளதை உள்ளபடி சேர்த்து வைக்கும் கைகளையும், சேர்த்ததில் பொய் கலவாத உள்ளங்களையும் வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.